ஈரம் போகும் வழி

காஞ்சிபுரத்துச் சாயப் பட்டறைகளில் பட்டு நூலுக்குச் சூடு ஒன்றும் புதிதில்லை. கோந்து நீக்குவதற்காகச் சோப்பும் சோடாவும் கலந்த நீரில், கொதிநிலைக்குச் சற்றே கீழே, நூல் வேகும். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதிலேயே கரைந்து போகும். அடுத்தது சாயத்தொட்டி, அங்கேயும் ஆவி பறக்கும். அதே நூலைக் காயப்போடும்போது மட்டும் நிழல் தேடுவார்கள். அலசிப் பிழிந்த சிட்டங்களை மூங்கில் கொம்பில் கோத்து, காற்று நுழைந்து போகும் தாழ்வாரத்தில் தொங்கவிட்டு, நடுநடுவே இரு கையாலும் விரித்து உதறி, கீழ்ப்பக்கம் மேலே வரும்படி திருப்பிவிடுவார்கள். வெயிலில் நிறம் வெளுத்துவிடும் என்பது ஒரு காரணம். நிழலிலும் நன்றாகவே காயும் என்பது இன்னொன்று. இரண்டாவது காரணத்துக்குள்தான் இந்த அத்தியாயத்தின் இயற்பியல் அடங்கியிருக்கிறது.

துணியைக் காயவைப்பது காற்று. சூடு அதற்கு எடுபிடி.

இதை மறந்துவிட்டால், துணியைச் சுழற்றிக் காயவைக்கும் டம்பிள் டிரையர் ஏதோ மின் அடுப்பு மாதிரித் தெரியும். "மெஷின் ரொம்ப சூடாகுது" என்று புகார் வந்ததும், அடுப்பைத் தணிக்கும் பாகத்தின் மீதுதான் கண் போகும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவார்கள், புதிதாக ஒன்றை மாட்டுவார்கள், பில் கட்டுவார்கள். சில நாளில் மறுபடி அதே கொதிப்பு. கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்: காற்று வரும் வழியிலோ, போகும் வழியிலோ.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காஞ்சி நெசவாளர் வீடுகளில் தறி நின்றுபோவது பழைய கதை. குழித்தறியின் குழியில் தண்ணீர் ஊறும். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி ஏற்றி, இழை இழையாகப் பிரித்துக் காயவிடும் வேலையும் மழையில் நடக்காது. தூறல் விட்ட பிறகும் பாவு சட்டென்று காய்ந்துவிடாது. காற்றுக்கு அப்போது தாகம் இருப்பதில்லை. வெப்பம் 26 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டர் காற்றில் ஏற்கெனவே 22 கிராம் நீராவி இருக்கும். இன்னும் இரண்டரை கிராமுக்குத்தான் இடம். அதே காற்றை 60 டிகிரிக்குச் சூடேற்றினால் கன மீட்டருக்கு 130 கிராம் வரை கொள்ளும். உள்ளே இருந்த நீராவி கூடவில்லை, கொள்ளளவுதான் கூடியிருக்கிறது. ஈரப்பதம் 90இலிருந்து 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். டிரையரில் ஹீட்டருக்குக் கொடுத்திருக்கும் வேலை இவ்வளவுதான்: அடைமழைக் காற்றுக்குத் தாகத்தை உண்டாக்குவது. தாகம் எடுத்த காற்றைத் துணிக்குள் ஓட்டி, குடித்து முடித்ததும் வெளியே அனுப்பும் வேலை விசிறியுடையது.

வீட்டு டிரையர் குளிர்நாட்டுக் கண்டுபிடிப்பு. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் குளிர்காலத்தில் கொடியில் போட்ட துணி பலகைபோல விறைத்துவிடும். அந்த ஊர்க்காரரான ஜே. ராஸ் மூர் உருவாக்கிய இயந்திரத்தை ஹாமில்டன் என்ற நிறுவனம் 1938இல் 'ஜூன் டே' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அங்கே ஜூன் மாதம் இதமான வெயிலுக்குப் பேர்போனது. கத்திரி முடிந்தும் வெக்கை அடங்காத காஞ்சியில் அந்தப் பெயரை வைத்து ஓர் இயந்திரத்தை விற்றிருக்க முடியாது. ஆனால் இன்று அதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் சுங்குவார்சத்திரம் பக்கம் வாஷிங் மெஷின் தொழிற்சாலை ஓடுகிறது. நெடுஞ்சாலை ஓர அடுக்குமாடி வீடுகளில், துணி காயவைக்க மொட்டைமாடியில் பங்கு கிடைக்காதவர்கள் டிரையர் வாங்குகிறார்கள்.

இனி ஒரு சின்னக் கணக்கு. இந்தக் கணக்கு புரிந்தால் பழுது பார்ப்பதில் பாதி முடிந்த மாதிரி.

2,000 வாட் ஹீட்டர் ஒன்று, மணிக்கு 150 கன மீட்டர் காற்றைச் சூடாக்குகிறது என்று கொள்வோம். அந்தக் காற்று ஏறக்குறைய 40 டிகிரி சூடேறும். அறையில் 32 டிகிரி இருந்தால், டிரம்முக்குள் நுழையும் காற்று 72 டிகிரி. இப்போது எங்கோ ஓர் அடைப்பு. காற்று பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஹீட்டர் அதே 2,000 வாட்டைத்தான் கக்கும். அதை வாங்கிக்கொள்ளும் காற்று பாதிதான் என்பதால், ஏற்றம் 40இலிருந்து 80 டிகிரியாக இரட்டிக்கும். உள்ளே நுழைவது 112 டிகிரிக் காற்று. ஹீட்டரில் கோளாறு இல்லை, தெர்மோஸ்டாட்டில் கோளாறு இல்லை. ஆனாலும் மெஷின் கொதிக்கிறது.

விந்தை இனிமேல்தான். இப்படிக் கொதிக்கும் மெஷினில் துணி சீக்கிரம் காய்வதில்லை; வழக்கத்தைவிட நேரம் பிடிக்கிறது. ஒரு கிலோ நீரை ஆவியாக்கவே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யூனிட் மின்சாரம் வேண்டும். நாலு கிலோ பருத்தித் துணி சுழற்றிப் பிழிந்த பிறகும் இரண்டு கிலோவுக்கு மேல் நீரைச் சுமந்து வரும். அந்த நீர் முழுதும் நீராவியாகிக் காற்றோடு வெளியேற வேண்டும். காற்று போக வழியில்லாவிட்டால் டிரம்முக்குள் புழுக்கம்தான் மிஞ்சும். ஹீட்டர்ப் பெட்டியில் இருக்கும் பாதுகாப்பு தெர்மோஸ்டாட் சூடு தாங்காமல் மின்சாரத்தைத் துண்டிக்கும்; ஆறியதும் மறுபடி இணைக்கும். இப்படியே மாறி மாறி. வீட்டுக்காரர் பார்ப்பது என்ன? மேல்தகடு சுடுகிறது, துணி ஈரமாக இருக்கிறது. உடனே இன்னொரு மணி நேரம் கூட்டி வைக்கிறார். 'சூடாகிறது' என்பதும் 'காயவில்லை' என்பதும் சேர்ந்தே வந்தால் காற்றோட்டத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வருகிறதா என்பதுதான் மெக்கானிக்குகள் பலர் முதலில் கேட்கத் தவறும் கேள்வி.

அதற்கும் முன்னால், சூடு உண்மையிலேயே மிகுதிதானா என்று பார்த்துவிடுவது நல்லது. ஜீன்ஸ் பேன்ட்டின் பித்தளைப் பொத்தான் விரலைச் சுட்டதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. துணியும் பொத்தானும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் உலோகம் வேகமாகக் கடத்துவதால் அதிகம் சுடும். வெளியேறும் காற்றில் ஒரு சமையல் தெர்மாமீட்டரைப் பிடித்துப் பார்க்கலாம். புகைபோக்கி வைத்த சாதாரண டிரையர்களில் பருத்திச் சுற்றின் முடிவில் 60, 65 டிகிரி காட்டினால் அது மெஷினின் இயல்பு. துணியில் ஈரம் இருக்கும்வரை சூட்டையெல்லாம் ஆவியாதலே விழுங்கிவிடும் என்பதால் தொடக்கத்தில் இன்னும் குறைவாகவே காட்டும். தீய்ந்த வாடை வந்தால் தெர்மாமீட்டருக்குக் காத்திருக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

நம் ஊர் வீடுகளில் அடைப்புக்கு முதல் காரணம் மெஷினுக்கு உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது. தூசி படக் கூடாதென்று அன்போடு வாங்கி மாட்டும் பிளாஸ்டிக் கவர்! முன்கதவை மட்டும் திறந்துகொண்டு, பின்பக்கக் காற்றுத் துளைகள் மூடியபடியே ஓட்டுகிறார்கள். அடுத்தது சுவரோடு ஒட்டி வைப்பது. நாலு சுவருக்குள் இருக்கும் சின்ன யூட்டிலிட்டியில் கதவைச் சாத்திவிட்டு ஓட்டினால், டிரையர் தான் வெளியே விட்ட ஈரக்காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும்.

பிறகு பஞ்சு வடிகட்டி. ஒவ்வொரு தடவையும் பஞ்சை வழித்து எடுத்துவிடுகிறோம் என்று சொல்பவர்கள் வீட்டிலும் அடைப்பு இருக்கலாம். மணத்துக்காக ஊற்றும் துணி மென்மையூட்டி மெல்லிய மெழுகுப் படலமாக வலைக்கண்களில் படிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. வடிகட்டியைக் குழாயடியில் கிடையாகப் பிடித்து ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். விழுந்த கையோடு தண்ணீர் இறங்கிவிட்டால் சரி. வலைமேல் குளம்போலத் தேங்கி நின்றால், காற்றுக்கும் அதே கதிதான். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் சோப்பும் போதும். நன்றாக உலர்ந்த பிறகு மாட்டலாம். இதே படலம் டிரம்முக்குள் இருக்கும் இரண்டு உலோகப் பட்டைகளிலும் ஏறும். ஈரத்துணி உரசும்போது பட்டைகளுக்கிடையே மின்சாரம் கடப்பதை வைத்துத்தான் மெஷின் ஈரத்தை அறிகிறது. பட்டைமேல் படலம் இருந்தால் அந்த அளவு பிசகும். சுற்று எப்போது முடிய வேண்டும் என்பதும் பிசகும். கஞ்சி போட்ட வேட்டிகளை அடிக்கடி போடும் வீட்டில் டிரம்மை ஈரத்துணியால் துடைப்பதும் அவசியம்.

வேட்டி என்றதும் ஒன்று. எட்டு முழ வேட்டியும் ஒன்பது கெஜப் புடவையும் டிரம்மில் தனியாகச் சுழன்றால் முறுக்கிக்கொண்டு வடமாகிவிடும். வெளிச்சுற்று மொறுமொறுவென்று காய்ந்து சூடேறும். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். பாதியில் நிறுத்தி உதறிப் போடுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

புகைபோக்கிக் குழாய் நெளிந்து மடங்கியிருக்கிறதா, வெளிமுனையின் மடல் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சுவரில் ஒரு துளை இருந்தால் அதில் குருவியோ மைனாவோ குடியேறப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். குழாயைக் கழற்றிவிட்டு, அறையின் ஜன்னலைத் திறந்துவைத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்: சூடு தணிந்து துணியும் காய்ந்தால், குற்றவாளி குழாய்.

புகைபோக்கி இல்லாத மெஷின்களின் கதை வேறு. ஈரத்தை உள்ளேயே குளிரவைத்து நீராக்கும் கண்டென்சர் வகையில் வெப்பமாற்றியின் இடுக்குகளில் பஞ்சு அடைத்துக்கொள்ளும். கழற்றக்கூடியதைக் குழாய் நீரில் அலசினால் போதும். ஹீட் பம்ப் வகை பொதுவாக 50, 55 டிகிரியை ஒட்டியே வேலை செய்வதால் அதில் கொதிப்புப் புகார் குறைவு. விலைதான் கொதிக்கும்.

துவைப்பதும் காயவைப்பதும் ஒரே டிரம்மில் நடக்கும் வாஷர் டிரையர்தான் நம் வெயிலிடம் மாட்டிக்கொண்டு விழிப்பது. இவற்றில் பல, ஈரக்காற்றைக் குளிர்விக்கக் குழாய்த் தண்ணீரையே பயன்படுத்துகின்றன. காயவைக்கும்போதும் குழாய் திறந்திருக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. துவைத்து முடிந்ததும் அடைத்துவிடுகிறார்கள். திறந்திருந்தாலும், சித்திரை மதியத்தில் மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரில் கை வைக்க முடியுமா? 40 டிகிரித் தண்ணீரால் 60 டிகிரிக் காற்றைக் குளிரவைப்பது மந்தமாகவே நடக்கும். ஆவி நீராகாமல் உள்ளேயே சுற்றும். மெஷின் மணிக்கணக்கில் கொதிக்கும். காலை ஆறு மணிக்கு அதே துணியைப் போட்டால் ஒழுங்காகக் காய்கிறது என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம்.

காற்று வழியெல்லாம் சுத்தம், ஆனாலும் சூடு என்றால்தான் மின்பாகங்களின் முறை. இங்கே ஓர் எளிய சோதனை உண்டு. சூடில்லாத வெறுங்காற்றுச் சுற்றில் வைத்து ஓட்ட வேண்டும். அப்போதும் அனல் வந்தால் ஹீட்டருக்கு மின்சாரம் தரும் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கலாம்; யார் சொன்னாலும் அது அணையாது. வெப்பத்தை உணரும் தெர்மிஸ்டர் இன்னொரு சந்தேகப் புள்ளி. சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். பல மாடல்களில் 25 டிகிரியில் 10,000 ஓம். மல்ட்டிமீட்டரில் அந்தக் கணக்கு ஒத்துவராவிட்டால் மாற்றவேண்டியதுதான். தெர்மிஸ்டர் நன்றாக இருந்தும் அதன்மேல் பஞ்சு போர்த்திக் கிடந்தால், அது குளிராக உணர்ந்து, இன்னும் சூடு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஹீட்டர்ச் சுருள் தொய்ந்து தகட்டைத் தொட்டால் வீட்டின் ஆர்சிசிபி (கசிவு மின்துண்டிப்பான்) உடனே விழும். எர்த் இல்லாத பிளக்கில் மாட்டியிருந்தால் எதுவும் விழாது, மெஷினின் உடம்பே மின்சாரம் ஏறி நிற்கும். சூட்டைவிட அது ஆபத்து. மின்னழுத்தத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். ஹீட்டரின் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும் என்பதால், 230 வோல்ட் 250 ஆனாலே சூடு 18 சதவீதம் கூடிவிடும்.

இவற்றையெல்லாம் தாண்டி ஒரு கடைசிக் காவல் இருக்கிறது. தெர்மல் ஃபியூஸ் என்ற சின்னத் துண்டு, பல மாடல்களில் 90 டிகிரியை ஒட்டி ஒரே ஒரு முறை அறுந்துபோகும். அறுந்தால் புதிது போட வேண்டும், அறுந்த காரணத்தையும் தேட வேண்டும். தெருமுனை வைத்தியம் வேறு மாதிரி: இரண்டு முனையையும் ஒரு வயரால் இணைத்து, "ஓடுது பாருங்க சார்" என்று கொடுத்துவிடுவார்கள். ஓடத்தான் செய்யும். ஃபியூஸ் கேரியரில் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிய வீட்டில் விளக்கு எரிவதைப் போல.

டிரையருக்குள் சூடும் பஞ்சும் சந்தித்தால் விளைவு எப்படி இருக்கும் என்பதற்கு பிரிட்டன் ஒரு பெரிய பாடம் வைத்திருக்கிறது. வேர்ல்பூல் குழுமம் ஹாட்பாயிண்ட், இண்டெசிட், கிரெடா முதலிய பெயர்களில் விற்ற டிரையர்களில், 2004 ஏப்ரல் முதல் 2015 வரை தயாரானவற்றில், பஞ்சு ஹீட்டர்ச் சுருள்மேல் விழுந்து தீப்பிடிக்கும் வாய்ப்பு இருப்பது தெரியவந்தது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மெஷின்கள். நிறுவனம் முதலில் வீடு வீடாகத் திருத்தித் தருவதாகச் சொல்லி, அதுவரை ஆள் பக்கத்தில் இருந்தபடி ஓட்டலாம் என்றது. 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியின் அடுக்குமாடி ஒன்றில், திருத்தத்துக்குக் காத்திருந்த ஒரு டிரையரிலிருந்து கிளம்பிய தீ பல தளங்களுக்குப் பரவியது. 2019இல்தான் அரசு தலையிட்டு, திருத்தப்படாமல் வீடுகளில் எஞ்சியிருந்த ஐந்து லட்சம் வரையிலான மெஷின்களைத் திரும்பப் பெற வைத்தது. அது வடிவமைப்புக் கோளாறு. வீட்டுக்காரர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தீராது. அமெரிக்காவிலோ தவறு பல சமயம் வீட்டுக்காரருடையது. அங்கே ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் நடப்பதாகவும், சுத்தம் செய்யாமல் விட்டதே அவற்றில் முதன்மைக் காரணம் என்றும், 34 சதவீதத்துக்கு அதுதான் காரணம் என்றும் 2008 முதல் 2010 வரையிலான தரவை ஆராய்ந்த அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் கணக்கிட்டது.

காஞ்சியில் உட்கார்ந்து இதையெல்லாம் படிப்பவர்களுக்கு ஒரு கேள்வி வராமல் இருக்காது: சூடு குறைவாக வைத்தால் பட்டுப்புடவையை டிரையரில் போடலாமா? கூடாது. சாயத்தொட்டியில் ஆவி பறக்கும் சூட்டைத் தாங்கியது சிட்டமாக இருந்த நூல், அதுவும் தண்ணீருக்குள். ஈரப்பட்டு உலர்ந்த பட்டைவிட வலு குறைந்தது. டிரம்மில் புரளும்போது இழையின் மேற்பரப்பு நுண்ணியதாகப் பிசிறி, அடர் நிறத்தில் வெள்ளை பூத்தது போலத் தெரியும். அத்தோடு ஜரிகை. பட்டிழைமேல் வெள்ளித் தகடு சுற்றிப் பொன்முலாம் பூசிய ஜரிகையில் பட்டு கால் பங்குதான். மீதியில் வெள்ளியும் செம்பும் பெரும்பங்கு, தங்கமோ அரை சதவீதத்தை ஒட்டி. ஈரம் பட்டுக் காயும்போது உடல் பட்டு சுருங்கும் அளவுக்கு ஜரிகைக் கரை சுருங்காது. கோர்வை போட்டு இணைத்த இடம் அலையலையாகச் சுருட்டிக்கொள்ளும். எந்த இஸ்திரிப் பெட்டியாலும் அதை முழுதாக நேராக்க முடியாது.

பட்டை ஒரேயடியாக உலர்த்தவும் கூடாது. தன் உலர்ந்த எடையில் 11 சதவீத ஈரத்தைப் பட்டு இயல்பாகவே பிடித்துவைத்திருக்கும் என்பது உலகப் பட்டு வணிகத்தின் ஒப்புக்கொண்ட கணக்கு. எடை போட்டு விற்கும் சரக்கில் தண்ணீரும் பட்டு விலைக்குப் போய்விடாமலிருக்க, பிரான்சின் லியோன் நகரில் 1805இலேயே பட்டின் ஈரத்தைச் சோதித்துச் சான்று தரும் பொது நிலையம் ஏற்பட்டது. அந்த 11 சதவீதமும் போன பட்டு சொரசொரப்பாகி, மடிப்பில் ஒடியும் தன்மை பெறும்.

கடைசியாக, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் துண்டுகள். எவ்வளவு சோப்பு போட்டாலும் எண்ணெய் முழுதாகப் போகாது. தேங்காயெண்ணெய் காற்றோடு அதிகம் வினைபுரியாத சாது. நல்லெண்ணெய் அப்படியில்லை, அதிலுள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் ஆக்ஸிஜனோடு சேர்ந்து தாமே வெப்பத்தை வெளியிடும், சூடு கூடினால் வேகமும் கூடும். டிரையர் நின்ற பிறகும், சூடான துண்டுகள் கூடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கிக் கிடந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய், சில மணி நேரம் கழித்துப் புகையும். மசாஜ் நிலையங்களிலும் உணவக சலவைக்கூடங்களிலும் இப்படித் தீப்பிடிப்பது அறிந்த விஷயம். பல மெஷின்களின் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கும். சுற்றின் இறுதியில் வரும் குளிர்காற்று நிமிடங்களை அவசரப்பட்டு நிறுத்தாமல் விட்டு, துண்டுகளை உடனே விரித்துப் போட்டால் ஆபத்து பெரிதும் குறையும். எண்ணெய் வாடை இன்னும் அடிக்கும் துண்டுகளை மறுபடி வெந்நீரில் துவைத்து, மொட்டைமாடிக் கொடியில் போடலாம். மழை நாளென்றால் கூடத்து மின்விசிறிக்கு அடியில்.